மீனாவுக்கு, ரைஃபிள் விஷயமாக

அன்புள்ள மீனா,

பக்கத்துப் பண்ணைக்காரர் இந்த வருடம் தன் தோப்பில் மான் வேட்டைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். .357 மேக்னம் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். போல்ட், அதாவது ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளுகிற வகை, உனக்குச் சரி; தோட்டா அளவில் மட்டும் .357-ஐவிட .44 மேக்னம் எடு என்பதுதான் என் பதில். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில், என்னுடைய .30-06 ரைஃபிளை எடுத்துக்கொண்டு போகலாம் என்ற யோசனையை விட்டுவிடு. நான் இருக்கும் டெக்சாஸில் வெட்டவெளி, 200 கெஜத்தில் மான் நிற்கும், அதற்கு அது சரி. நீ இருக்கும் ஓஹையோவில் அந்தத் தோட்டாவால் மானைச் சுடக்கூடாது. அங்கே ரொம்ப காலம் துப்பாக்கி சீசனில் ஷாட்கன் ஸ்லக் (ஷாட்கனில் போடும் ஒற்றைப் பெரிய குண்டு) மாதிரி கிட்டத்துச் சமாசாரங்கள்தான். 2014-இல்தான் ரைஃபிளை அனுமதித்தார்கள், அதுவும் அடியிலிருந்து வாய்வரை நேராக, கழுத்துக் குறுகாமல் இருக்கிற தோட்டாக்களுக்கு மட்டும். .30-06-க்குக் கழுத்து குறுகல். .357, .44 மேக்னம் இரண்டும் நேர்த் தோட்டா, இரண்டுமே செல்லும். அதோடு, ஒரு மாநிலத்துக்காரர் தன் துப்பாக்கியை வேறு மாநிலத்துக்காரருக்கு நேரடியாகக் கொடுத்துவிட முடியாது, மகளாக இருந்தாலும் சரி. லைசென்ஸ் உள்ள வியாபாரி வழியாகத்தான் கைமாற வேண்டும். அங்கேயே வாங்கிக்கொள்வது சுலபம்.

உன்னிடம் ஏற்கனவே .357 ரிவால்வர் இருக்கிறது, ஒரே பெட்டித் தோட்டா இரண்டுக்கும் ஆகும் என்பதுதானே உன் கணக்கு? நிறைய பேர் அப்படித்தான் அந்த ரைஃபிளை வாங்குகிறார்கள். குறி பார்த்துப் பழக அந்தக் கணக்கு சரிதான். மானுக்கு அது பாதி உண்மைதான். உன் 4 அங்குலக் குழலில் 158 கிரெயின் (சுமார் 10 கிராம்) குண்டு நொடிக்குச் சுமார் 1,240 அடி வேகத்தில் போகிறது. அதே தோட்டா ரைஃபிளின் பதினெட்டரை அங்குலக் குழலில் 1,800-ஐத் தொடும். ரிவால்வர் வேகத்தில் விரிவதற்கென்று செய்த லேசான 125 கிரெயின் ஹாலோ பாயின்ட், அதாவது முனையில் குழி உள்ள குண்டு, இந்த வேகத்தில் மானின் தோள்பட்டையில் பட்டால் உள்ளே போவதற்குள் உடைந்து சிதறிவிடும். மான் செத்து விழாது, காயத்தோடு ஓடும். ஆகவே மானுக்கென்று கெட்டியான 158 கிரெயின் சாஃப்ட் பாயின்டோ (முனையில் மட்டும் ஈயம் தெரியும் குண்டு) 180 கிரெயின் குண்டோ தனியாக வாங்கத்தான் வேண்டும். அப்படி வாங்கிய பிறகு அது ஒரே பெட்டி இல்லை, இரண்டு பெட்டி.

அதனால்தான் நான் .44 என்கிறேன். தொழிற்சாலைத் தோட்டாவில் 100 கெஜத்தில் .357-க்கு மிஞ்சும் மோதல் ஆற்றல் ஏறக்குறைய 700 அடி-பவுண்டு. 240 கிரெயின் .44-க்கு அதே தூரத்தில் 1,000 இருக்கும். குண்டும் அகலம், கனம். நீ முதல் வருடம் போகிறவள். மான் நேர்ப் பக்கவாட்டில் நிற்காமல் கொஞ்சம் திரும்பி நிற்கும், உனக்குக் கை நடுங்கும். அந்த நேரத்தில் உதவுவது இந்த உபரிதான். .357-ஆல் மான் விழாது என்று சொல்லவில்லை. 50, 60 கெஜத்துக்குள், நல்ல குண்டோடு, பொறுமையாகச் சுட்டால் விழும். ஆனால் அந்தப் பொறுமை வர இரண்டு மூன்று சீசன் ஆகும், அதுவரைக்கும் மான் ஏன் அதற்கு விலை கொடுக்க வேண்டும்?

ஒன்று சொல்லியாக வேண்டும். நான் மனதில் வைத்திருக்கும் ரூகர் கம்பெனியின் .44 போல்ட் ரைஃபிள், 77/44, ஐந்தேகால் பவுண்டுதான். லேசான துப்பாக்கியில் .44 தோளை நன்றாகவே இடிக்கும். வாங்குவதற்கு முன் யாருடையதையாவது ரேஞ்சில் ஒரு பத்துத் தோட்டா சுட்டுப் பார். கண்ணை மூடிக்கொண்டு டிரிகரை இழுக்கிற பழக்கம் வருகிற மாதிரி இருந்தால், தயங்காமல் அதன் .357 மாடலான 77/357-க்குப் போ. பயந்து சுடும் .44-ஐவிட நிதானமாகச் சுடும் .357 மேல்.

லீவர் ஆக்‌ஷன்தான், அதாவது டிரிகருக்குக் கீழே உள்ள பிடியை ஆட்டித் தோட்டா ஏற்றும் வகைதான், அழகு, வேகம், பத்துத் தோட்டா பிடிக்கும் என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஓஹையோவில் மான் சீசனில் குழலும் மேகசினும் (தோட்டா அடுக்கும் பகுதி) சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் போடக்கூடாது. பத்து பிடித்து என்ன செய்யப் போகிறாய்? லீவரின் குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக, ஒன்றின் முனை அடுத்ததன் பிரைமரில் (தட்டினால் வெடிக்கும் அடிப்பொட்டு) முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் தட்டை மூக்குக் குண்டோ, முனை மிருதுவாகச் செய்த குண்டோதான் போட முடியும். பல மாடல்களில் இறக்கும்போதும் ஒவ்வொரு தோட்டாவாக உள்ளே ஏற்றித்தான் வெளியே தள்ள வேண்டும். இருட்டும் நேரத்தில், விறைத்த விரலோடு அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடிக்காது.

ரூகரில் அடியில் இருக்கிற பொத்தானை அழுத்தினால் மேகசின் மொத்தமாகக் கையில் வந்துவிடும். சேஃப்டிக்கு மூன்று நிலை. நடு நிலையில் வைத்தால் டிரிகர் பூட்டியே இருக்கும், போல்ட் மட்டும் திறக்கும். அந்த நிலையிலேயே போல்ட்டைப் பின்னால் இழுத்து, உள்ளே இருக்கும் தோட்டாவை வெளியே எடுத்து, சுண்டுவிரலை விட்டுத் தடவி, காலி என்று தெரிந்துகொள்ளலாம். இந்த ஒன்றுக்காகவே உனக்கு போல்ட் ஆக்‌ஷன் என்பேன்.

மேகசினைக் கழற்றிப் பார், உனக்குப் பிடிக்கும். ரிவால்வர் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். சாதாரணப் பெட்டி மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு சிக்கும். ரூகரில் நடுவே ஒரு சுழல் உருளை, அதில் தோட்டாவுக்கு ஒரு பள்ளம். ஒன்று மற்றதைத் தொடாது. 77/44-இல் நான்கு, 77/357-இல் ஐந்து பிடிக்கும். .38 ஸ்பெஷல், .44 ஸ்பெஷல் போன்ற குட்டைத் தோட்டாக்களைப் பழகுவதற்குப் போடலாம், ஆனால் போல்ட் ஆக்‌ஷனில் அவை எப்போதும் சரியாக ஏறாது. நிறைய சுட்டால் சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் அறையில், கரி வளையம் படியும். அதைத் தேய்த்து எடுக்காமல் மேக்னம் போட்டால் சுட்ட கூடு சிக்கிக்கொள்ளும்.

இந்த ரூகர்கள் எல்லா நாளும் கடையில் நிற்காது, விலையும் கூடுதல். வெறும் மானுக்கு என்றால் 2019-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த .350 லெஜண்டில் மலிவான போல்ட் ரைஃபிள்கள் கிடைக்கின்றன, அங்கே செல்லும். அதை வாங்கினாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும் குறி பார்க்கப் பெரிய தொலைநோக்கி வேண்டாம். 1-4 அல்லது 2-7 மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் போதும். 100 கெஜத்துக்குச் சரிசெய்த .44, 200 கெஜத்தில் சுமார் 2 அடி கீழே விழும். 100-ஐத் தாண்டி மான் நின்றால் பார்த்துக்கொண்டு இரு, சுடாதே.

அப்புறம் மாப்பிள்ளை. அவர் இன்னும் எச்-1பி வேலை விசாவில்தானே இருக்கிறார்? அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே அவரும் முதலில் ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு முடித்து லைசென்ஸ் எடுக்கட்டும், அதற்கு முன்னால் விளையாட்டுக்குக்கூட அவர் கையில் கொடுக்காதே. துப்பாக்கி வைக்கும் பீரோவின் சாவி உன்னிடமே இருக்கட்டும். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர், இதில் அசட்டையாக இருக்கவே கூடாது.

பண்ணைக்காரரிடம் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள், வாய்வார்த்தை அங்கே போதாது. ஆரஞ்சு மேல்சட்டையும் வேண்டும். சீசன் தேங்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்கள்கிழமை ஆரம்பம், அதற்குள் 50 கெஜத்தில் உட்கார்ந்தும் முழங்காலிட்டும் நிறைய சுட்டுப் பழகு. பழைய துப்பாக்கி ஏதாவது கண்ணில் பட்டால் பணம் கட்டுவதற்கு முன் குழலின் வாய், போல்ட், மேகசின் மூன்றையும் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா