அப்பாவின் சிறுநீரகத்தைக் காத்தவர்களுக்கு நன்றி

முதல் நன்றி, பட்டர்வொர்த்தில் எங்கள் வட்டாரச் சுகாதாரக் கிளினிக்கின் டாக்டருக்கு. எத்தனை மாத்திரை போட்டும் அப்பாவின் ரத்த அழுத்தம் 180-க்குக் கீழே இறங்க மறுத்தது. புதிதாகப் பெரிண்டோப்ரில் என்ற அழுத்த மாத்திரையை எழுதிக் கொடுத்தவர், இரண்டு வாரத்தில் மறுபடியும் ரத்தம் எடுக்க வரச் சொன்னார். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் சட்டென்று ஏறியிருந்தது. உடனே அந்த மாத்திரையை நிறுத்தினார். அப்பாவைப் படுக்க வைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஸ்டெதாஸ்கோப்பை அழுத்தி, கண்களை மூடியபடி வெகுநேரம் கேட்டார். வெளியே நாற்காலிகள் நிரம்பி வழிந்த காலை அது. "சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம் ஐயா" என்றார்.

ஜார்ஜ் டவுன் பெரியாஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேன் அதை உறுதி செய்தது. இதயத்தை அடைக்கும் அதே கொழுப்புப் படிவம் இரண்டு சிறுநீரகத் தமனிகளிலும் இருந்தது. மாமாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட், அதாவது ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழல், வைத்து நன்றாக இருக்கிறாரே, அப்பாவுக்கு எப்போது என்று நிபுணரிடம் கேட்டோம். அந்த அம்மையார் ஒரு தாளில் படம் வரைந்தார். ரத்த வரத்து குறைந்தால், உடம்பெங்கும் அழுத்தம் விழுந்துவிட்டதாக எண்ணிச் சிறுநீரகம் ரெனின் என்ற சுரப்பை ரத்தத்தில் விடுகிறது. அதுதான் அழுத்தத்தை ஏற்றுகிறது. குழாயை விரித்தால் சரியாகிவிடும் என்றுதான் மருத்துவர்களும் வெகுகாலம் நம்பினார்களாம். ஆனால் 947 பேரை வைத்து நடந்து 2014-இல் வெளிவந்த கோரல் ஆய்வில், மருந்தோடு ஸ்டென்டும் வைத்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ சிறுநீரகப் பாதிப்போ குறையவில்லை. வைக்கும்போது கொழுப்புத் துணுக்கு உடைந்து சிறுநீரகத்துக்குள் ஓடிவிடும் அபாயமும் உண்டு. "நுரையீரலில் திடீரென்று நீர் கோத்தாலோ, மருந்துக்கு அடங்காமல் போனாலோ அப்போது யோசிப்போம்" என்றார். அவசரப்பட்ட குடும்பத்திடம் வேண்டாம் என்று சொல்வதற்கும், காரணத்தைப் பொறுமையாக விளக்குவதற்கும் பெரிய மனது வேண்டும். அம்மா, உங்களுக்கு எங்கள் கைகூப்பு.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆஸ்பிரின், அழுத்த மாத்திரை என ஒவ்வொரு பொட்டலத்திலும் தமிழில் 'காலை', 'இரவு' என்று எழுதித் தந்த மருந்தாளுநர் தம்பிக்கும் நன்றி. முழங்கால் வலிக்கென்று கடையில் தானாக மாத்திரை வாங்கக் கூடாது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னவரும் அவர்தான். நாற்பது ஆண்டுப் புகைப்பழக்கத்தை விடும்வரை விடாமல் போன் செய்த தாதிக்கும், விடியுமுன்னே பாலம் கடந்து எங்களை ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டுச் சீன அங்கிளுக்கும், ஊறுகாயையும் கருவாட்டையும் ஒதுக்கி மொத்த வீட்டுக்கும் உப்புக் குறைத்துச் சமைக்கும் அண்ணிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அப்பாவின் அழுத்தம் இப்போது 140-ஐ ஒட்டி நிற்கிறது. கிரியேட்டினினும் மேலே ஏறவில்லை. மாலையில் கடற்கரைப் பக்கம் நடக்கவும் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
மகள், பட்டர்வொர்த், பினாங்கு