லெக்னா வெறும் கால் இல்ல

ஜெயா,

உன் மெசேஜ் பாத்தேன், மாமா எழுந்து நடமாடுறாருன்னு படிச்சப்புறம்தான் மனசு நிம்மதியாச்சு. நாங்க இங்க சீனாவுல, செங்டுல நல்லா இருக்கோம், குளிர்தான் வீட்டுக்குள்ளயே ஸ்வெட்டர் போட வைக்குது. நீ ஆன்லைன்ல சீனப் பசங்களுக்கு இங்கிலீஷ் எடுக்கப்போறேன்னதும் எனக்கு அவ்ளோ சந்தோஷம், எங்க ஆரம்பிக்கலாம்னு கேட்டியே, லெக்ங்கற வார்த்தைல ஆரம்பின்னுதான் சொல்லுவேன்.

போன வாரம் ஒரு பொண்ணு காம்போசிஷன்ல "மை மேத்ஸ் ஆல்வேஸ் புல்ஸ் மை லெக்"னு எழுதியிருந்தா. அவ மனசுல இருந்தது "துவோ ஹோவ் துவெய்", அதாவது பின்னங்காலப் பிடிச்சு இழுக்கறது, முன்னேற விடாம தடுக்கறதுக்கு இவங்க சொல்றது, கிளாஸ் ஆவரேஜ் இறங்கினா டீச்சருங்க வாய்லயே இதுதான் வரும். ஆனா இங்கிலீஷ்ல அது சும்மா விளையாட்டுக்குக் கலாய்க்கறது. நம்ம ஊர்ல காலை வாரிவிட்டான்னா துரோகம், பாரு, ஒரே கால், மூணு ஊர்ல மூணு வேலை! அந்தப் பொண்ணு பாவம் அழுதே எழுதியிருக்கா, படிக்கறவங்க கணக்கு அவகிட்ட ஜோக் அடிக்குதுன்னு நினைப்பாங்க.

எல்லாமே இப்படி முட்டிக்காது. அலைஞ்சு திரிஞ்சு விவரம் சேக்கறத லெக்வொர்க்னு சொல்லுவோம்ல, இவங்க "பாவ் துவெய்"னா கால் ஓடுறது, எடுபிடி வேலை, சாமான் வாங்கிட்டு வந்து குடுக்கற சர்வீஸுக்கே இங்க அதான் பேரு, அதனால டக்னு புரிஞ்சுக்குவாங்க. ரிலே ரேஸ்ல ஒவ்வொருத்தர் ஓடுற பங்கும் லெக்தான்னு கிரவுண்ட்ல வச்சுக் காட்டிடு, போதும். இன்னொண்ணு, நமக்கு பாதமும் கால்தான், தொடையும் கால்தான், இவங்களுக்கு இங்கிலீஷ் மாதிரியே காலுக்கு "துவெய்" வேற, பாதத்துக்கு "ஜியாவ்" வேற, அதுல நாமதான் உஷாரா இருக்கணும்.

"பிரேக் எ லெக்" மட்டும் ஜாக்கிரதை. மேடை ஏறப்போறவங்ககிட்ட நல்லா பண்ணுன்னு வாழ்த்திச் சொல்றதுன்னு நல்லா அழுத்திச் சொல்லிடு. ஜூன் மாசம் காவ்காவ் பரீட்சை, நம்ம ப்ளஸ் டூ மாதிரி, இங்கிலீஷுக்கே 150 மார்க், அதுக்குப் போற பிள்ளைகிட்ட யாராவது காலை உடைன்னா வீட்ல பெரியவங்களுக்கு எப்படி இருக்கும்? அவங்களுக்கு "ஜியாயோவ்" இருக்கு, நேரா சொன்னா எண்ணெய் ஊத்துன்னு அர்த்தம், விடாம நல்லா பண்ணுன்னு உற்சாகப்படுத்தறது, அதையே சொல்லட்டும்.

இங்க கைடுங்கள்ல இடியம் ஒரு பக்கம், சீன அர்த்தம் ஒரு பக்கம்னு லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ண வைக்கறாங்க, எனக்கு அது பிடிக்கவே இல்ல ஜெயா, யாரு யார்கிட்ட எந்த மூட்ல சொல்றாங்கன்னு தெரியாம அர்த்தம் மட்டும் தெரிஞ்சு என்ன பண்றது? ரெண்டு பசங்கள எழுப்பிவிட்டு, ஒருத்தன் லாட்டரி விழுந்துருச்சுன்னு புளுகட்டும், இன்னொருத்தன் "ஆர் யூ புல்லிங் மை லெக்?"னு கேக்கட்டும், ஜென்மத்துக்கும் மறக்காது. அந்தப் பொண்ணையும் அப்படித்தான் பேச வச்சேன், இப்ப என்னையே அப்படிக் கேக்கறா.

மாமாவ ரொம்பக் கேட்டேன்னு சொல்லு. கிளாஸ் டைம் முடிவானதும் எழுது, இங்க ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது, பசங்க ராத்திரி வரைக்கும் படிச்சுட்டு இருப்பாங்க, அதப் பாத்து வை.

உன்
மீனா