மாமியின் 31ஆம் நாள்

உறவுகளே, ரொறன்ரோவில் காலமான எங்கள் மாமியின் 31ஆம் நாள் நினைவு வரும் ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு கல்லடி வீட்டில் நடக்கும். பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் கட்டாயம் வாருங்கள்.

1978 சூறாவளியில் கூரை ஓடுகள் பறந்த இரவு, எங்கள் ஐந்து பேரையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, கதவுக்கு நெல்மூட்டையை முட்டுக்கொடுத்து விடியும்வரை அதிலேயே சாய்ந்திருந்தவர் அவர். 1990இல் மாமாவோடு கனடா போனார். போனாரே தவிர, மனம் இங்கேதான். ஒவ்வொரு மாரிக்கும் போன் எடுத்தால் முதல் கேள்வி, "வெள்ளம் எவ்வளவு மனே? முகத்துவாரம் வெட்டியாச்சா?" வெள்ளம் கடலுக்கு வடிய வாவியின் வாயில் மணலை வெட்டிவிடுவார்களே, அதைத்தான் கேட்பார். அதற்குப் பிறகுதான் சுகம் விசாரிப்பார். பனிக்காலத்தில் கறிவேப்பிலைச் சாடியைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றுவார். அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளும் அவரை, பாட்டிக்கு எங்கள் ஊர்ச் சொல்லான 'பெத்தா' என்றுதான் கூப்பிட்டார்கள். வேறு சொல்லுக்கு அவர் திரும்பியே பார்க்கமாட்டார்.

அப்புறம், ஒரு உதவி. மாமி அனுப்பிய குரல்பதிவு யாருடைய போனிலாவது இருந்தால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். சின்னதாக இருந்தாலும் சரி, சனிக்கிழமைக்குள் இந்தக் குழுவில் போடுங்கள். பெத்தாவின் குரல் வேண்டுமென்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். சாப்பாட்டுக்குத் தயிர் நான் சொல்லிவிட்டேன், மாமிக்குப் பிடித்த எருமைத் தயிர்தான்.