தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே, வணக்கம்.

உளவு மென்பொருள் பற்றிப் பேச்சு வந்தாலே, "தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்" என்று சொல்லி எல்லோரும் முடித்துக்கொள்கிறார்கள். கடன் ஆப் மோசடிக்கு அது சரி. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் அரசுகளுக்கு விற்கும் உளவு மென்பொருளான பெகாசஸுக்கு அது எடுபடாது. 2019-இல் வாட்ஸ்அப் அழைப்பில் இருந்த ஓட்டை வழியாக அது சுமார் 1,400 பேரின் போன்களைக் குறிவைத்தது. அழைப்பை எடுக்கக்கூட வேண்டியதில்லை. 2021-இல் ஐபோனின் செய்திச் செயலியான ஐமெசேஜ் வழியாக வந்ததும் அப்படித்தான். உள்ளே புகுந்துவிட்டால் மைக், கேமரா, இருப்பிடம் எல்லாம் அதன் கையில். வாட்ஸ்அப்பின் மறையாக்கமும் (என்க்ரிப்ஷன்) காப்பாற்றாது. திரையில் நீங்கள் படிப்பதைத்தான் அதுவும் படிக்கிறது.

என்னால் முடிந்ததைச் செய்கிறேன். அப்டேட் வந்ததும் போட்டுவிடுகிறேன். 2021 ஓட்டையை ஆப்பிள் அடைத்தது ஓர் அப்டேட்டில்தான். அவ்வப்போது போனை அணைத்துப் போடுகிறேன். இவ்வகை மென்பொருளில் சில அதோடு போய்விடும் (திரும்ப வராது என்றில்லை). ஐபோன் வைத்திருக்கும் உறுப்பினர்கள் அதிலுள்ள கூடுதல் பாதுகாப்பு அமைப்பான லாக்டவுன் மோடைப் போட்டு வையுங்கள். சில வசதிகள் குறையும், பரவாயில்லை. 2023 அக்டோபரில், போன் குறிவைக்கப்பட்டிருக்கலாம் என்று ஆப்பிளின் எச்சரிக்கை வந்தது உங்கள் சக எம்.பி.க்கள் சிலருக்கும்தானே?

ஆனால் இதெல்லாம் தனி ஆள் போடும் தாழ்ப்பாள். இந்தியர்கள் மீது பெகாசஸ் ஏவப்பட்டதா என்று விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2021-இல் அமைத்த குழு 29 போன்களை ஆராய்ந்தது. ஐந்தில் தீய மென்பொருள் இருந்தது. பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதை நீதிமன்றமே 2022 ஆகஸ்டில் தெரிவித்தது. 2025 ஏப்ரலில், நாட்டின் பாதுகாப்பைத் தொடும் அறிக்கையை வெளியிட முடியாது என்றும் சொல்லிவிட்டது.

நீதிமன்றத்தில் கதவு அடைபட்டாலும் உங்கள் அவை இருக்கிறது. என்எஸ்ஓ நிறுவனத்தோடு எந்தப் பரிவர்த்தனையும் இல்லை என்று 2021 ஆகஸ்டில் மாநிலங்களவையில் எழுத்துமூலம் பதில் தந்தது பாதுகாப்பு அமைச்சகம். அது ஓர் அமைச்சகத்தின் பதில்தான். இரண்டு அவைகளிலுமாக நீங்கள் 57 பேர். கட்சி பாராமல் அதே கேள்வியை உள்துறை அமைச்சகத்திடம் எழுத்தில் கேளுங்கள். வழக்கைக் காட்டித் தட்டிக்கழித்தால் அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி கேளுங்கள். அரசு பெகாசஸை வாங்கியது உண்மை என்றால் துணைக் கேள்வி ஒன்று இருக்கிறது: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு தகவலை இடைமறிக்க அனுமதிக்கிறது, சரி, குடிமக்களின் போனுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து மைக்கை இயக்க எந்தப் பிரிவு அனுமதிக்கிறது?

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்