சான்றுக்கு முன்னால் உள்ள கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தொலைத்தொடர்புக் கருவிகளின் தரச்சான்று குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சான்று பெற்றவை, பெறாதவை என்று இரண்டே பிரிவுகளில் கட்டுரையாளர் விஷயத்தை முடித்துவிடுகிறார். ஆனால் ஒரு கருவி சட்டத்தின் கண்ணில் எந்த வகையைச் சேர்ந்தது என்று தீர்மானமான பிறகுதான், அதற்கு எந்தச் சோதனைகள் வேண்டும், அவற்றை யார் செய்ய வேண்டும், முடிவுக்கு யார் பொறுப்பேற்க வேண்டும் என்பவை தெரியவரும். அந்த முதற்படியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

வடம் வழியாக மட்டும் இயங்கும் ஒரு ரவுட்டரை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது மின்காந்த இணக்கத்துக்கான, அதாவது கருவிகள் ஒன்றுக்கொன்று மின்காந்த இடையூறு செய்யாதிருப்பதற்கான, 2014/30 நெறியாணையின் (உறுப்பு நாடுகள் சட்டமாக்க வேண்டிய ஒன்றிய ஆணை) கீழ் வருகிறது. 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பெட்டி என்றால், மின்பாதுகாப்புக்கான, நேர்மின்னோட்டத்தில் 75 வோல்ட்டில் தொடங்கும் தாழ்மின்னழுத்த நெறியாணை அடாப்டரைத்தான் கட்டுப்படுத்துமே தவிர, பெட்டியை அல்ல. அதே பெட்டிக்குள் வைஃபையைச் சேர்த்த கணத்தில், கருவி முழுவதும் வானொலிக் கருவிகளுக்கான, அதாவது வானலை வழியாகத் தொடர்புகொள்ளும் எல்லாக் கருவிகளுக்குமான, 2014/53 நெறியாணைக்கு மாறிவிடுகிறது. அங்கே மின்பாதுகாப்பு விதிக்கு மின்னழுத்தக் கீழ்வரம்பே கிடையாது. அலைக்கற்றையைத் திறம்படப் பயன்படுத்துவதற்கான விதியும் கூடுதலாகச் சேர்கிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல், இணையத்தோடு இணையும் வானொலிக் கருவிகள் வலையமைப்புக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பது உள்ளிட்ட இணையப் பாதுகாப்பு விதிகளும் நடைமுறைக்கு வந்துள்ளன. எல்லைக்கோடு நிலையானதும் அல்ல. முந்தைய 1999/5 நெறியாணையில் வடம் வழித் தொலைபேசிகளும் அடங்கியிருந்தன. 2016 ஜூனில் அது நீக்கப்பட்டு 2014/53 அதன் இடத்துக்கு வந்தபோது அவை வெளியேறின, ஒலிபரப்பைப் பெற மட்டுமே செய்யும் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகள் உள்ளே வந்தன. கருவிகள் மாறவில்லை, அவை நின்ற கட்டம்தான் மாறியது.

அமெரிக்காவில் பிரிக்கும் முறையே வேறு. அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையத்தின் (எஃப்.சி.சி.) விதித்தொகுப்பின் 15ஆம் பகுதி, வேண்டுமென்றே வானலையை வெளியிடும் கருவிகளையும், உள்ளே ஓடும் மின்சுற்றுகளால் வேண்டாமலே வெளியிடும் கருவிகளையும் தனித்தனியாக வைக்கிறது. முதல் வகைக்குப் பொதுவாக அங்கீகாரம் பெற்ற ஆய்வகச் சோதனையும், அதைப் பரிசீலித்து மூன்றாம் தரப்பு அமைப்பு வழங்கும் சான்றும் கட்டாயம். இரண்டாம் வகையில் பெரும்பாலானவற்றுக்குப் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் போன்ற பொறுப்பாளர், கருவி விதிகளுக்கு உட்பட்டது என்று தாமே தரும் இணக்க அறிவிப்பே போதும். தொலைபேசி வலையமைப்பில் நேரடியாகச் செருகப்படும் கருவிக்கு 68ஆம் பகுதி தனியாக உண்டு. ஆகவே கம்பியில்லாக் கைபேசியுடன் வரும் வீட்டுத் தொலைபேசி ஒன்று, ஒரே நேரத்தில் இரண்டு பகுதிகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கட்டுரையின் அடிப்படை இங்கேதான் ஆட்டம் காண்கிறது. அமெரிக்காவில் மூன்றாம் தரப்புச் சான்றில்லாமல் விற்க முடியாத அதே வைஃபை ரவுட்டரை, ஐரோப்பாவில் ஒத்திசைக்கப்பட்ட தரநிலைகளை (நெறியாணைக்கு ஏற்றவை என ஒன்றியம் ஏற்றுக்கொண்டவை) முழுமையாகப் பின்பற்றும் உற்பத்தியாளர் தாமே ஆவணப்படுத்தி, தம் பொறுப்பில் இணக்கத்தை அறிவித்து, ஐரோப்பிய விதிகளுக்கு இணக்கம் என்பதைக் காட்டும் சி.இ. குறியைப் பதித்துக்கொள்ளலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சட்டமே வகுத்த வழி அது. ஆனால் ‘குறி இருந்தால் அரசு சோதித்தது என்று பொருள்’ என்று கட்டுரை வாசகருக்குச் சொல்வது தவறு. இந்தியாவின் கட்டாயச் சோதனைத் திட்டமும் பொது முறை, எளிமையாக்கப்பட்ட முறை என்று கருவிகளைப் பிரித்தே கையாள்கிறது.

வாங்குபவரை நேரடியாகப் பாதிக்கும் பிரிவு ஒன்றும் விடுபட்டிருக்கிறது. மின்னணுக் கருவிகளின் வானலை இடையூறுக்கு வரம்பு வைக்கும் சி.ஐ.எஸ்.பி.ஆர். 32 என்ற சர்வதேசத் தரநிலையின்படி, குடியிருப்புச் சூழலுக்கான கருவிகள் பி வகுப்பில் வரும், மற்றவை ஏ வகுப்பில் வரலாம். 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கதிர்வீச்சுக்கு, 10 மீட்டர் தொலைவில், ஏ வகுப்பின் வரம்பு பி வகுப்பைவிட 10 டெசிபல் அதிகம். அதாவது புல வலிமையில் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஏ வகுப்பு உயர்ந்த தரம் என்று எண்ணிக்கொண்டு, நிறுவனங்கள் கழித்துவிட்ட வலையமைப்புச் சுவிட்சை வீட்டில் மாட்டுபவர் வாங்குவது, பக்கத்து வானொலிக்குக் கூடுதல் இரைச்சல் தரச் சட்டப்படி அனுமதி பெற்ற கருவியைத்தான். வீட்டில் பயன்படுத்தினால் வானலை இடையூறு வரலாம் என்ற எச்சரிக்கை இருப்பதென்னவோ உண்மை. ஆனால் அது கையேட்டின் எந்த மூலையில் இருக்கிறது என்பதைத் தேடிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

முன்சான்று பெற்ற மாட்யூல்கள் (வேறு கருவிகளுக்குள் பொருத்துவதற்கென்று தனியாகச் சான்று பெற்று வரும் வானலைப் பாகங்கள்) வந்த பின் குழப்பம் இன்னும் பெருகியிருக்கிறது. ‘இதற்குள் சான்று பெற்ற மாட்யூல் உள்ளது’ என்ற வாசகம் கருவி முழுவதற்குமான சான்று அல்ல. மாட்யூலைப் பொருத்திய பிறகு மொத்தக் கருவியும் வெளியிடும் கதிர்வீச்சு வரம்புக்குள் இருக்கிறதா என்பதற்கு, இறுதியாக அதைச் சந்தைக்குக் கொண்டுவருபவரே பொறுப்பு. என் பார்வையில், சிறு தயாரிப்பாளர்கள் அதிகம் வழுக்கும் இடம் இதுவே.

இத்தலைப்பில் தொடர்ந்து எழுதப்போவதாகக் கட்டுரையாளர் குறிப்பிட்டுள்ளார். அடுத்த பகுதியில், ஒவ்வொரு கருவியைப் பற்றிச் சொல்லும்போதும் அது எந்த விதியின் எந்த வகுப்பில், யாருடைய அறிவிப்பின் பேரில் விற்கப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுமாறு அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்