யானைக்குப் பின்னால் பால்மரம் வேண்டாம்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வாசிப்பு மாதக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்துவரும் தலைமையாசிரியர்களுக்கும், நூலகப் பொறுப்பாசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும்

வணக்கம்.

பெண் பயணிகள் வரிசையில் இந்த ஆண்டு இசபெல்லா பேர்டை எடுத்துக்கொண்டீர்கள். மகிழ்ச்சி. உலகத்தைச் சுற்றிய ஒரு பெண் எழுத்தாளர் நம் ஊரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் உள்ள கோலகங்சாருக்கு வந்து தங்கி, அதைப் பக்கம் பக்கமாக எழுதியும் வைத்திருக்கிறார் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியவே வேண்டும். அதனால்தான் பார்வைக்குச் சுற்றிவந்த மாதிரிப் பதாகையைப் பற்றி அச்சுக்குப் போகுமுன் எழுதுகிறோம். அலங்கார அம்பாரி வைத்த யானை, அதன்மேல் குடை பிடித்த வெள்ளைக்கார அம்மையார், பின்னால் வரிசை வரிசையாகப் பால் பிடிக்கும் மங்கு கட்டிய பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், வாளி தூக்கிய நம் பெண்கள். ஓவியருக்கு நல்ல கை. ஆனால் அந்தக் காட்சி நடந்திருக்கவே முடியாது.

முதலில் மரத்தைப் பார்ப்போம். ஹென்றி விக்காம் அமேசான் கரையிலிருந்து 1876-இல் லண்டன் கியூ தோட்டத்துக்கு ரப்பர் விதைகளைக் கொண்டுபோனார். அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது, பேராக் ரெசிடெண்ட், அதாவது சுல்தானுக்கு ஆலோசகராக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி, ஹியூ லோ இருந்த கோலகங்சாரில் நடப்பட்டன. பேர்ட் அம்மையார் லோவின் வீட்டுக்கு வந்தது 1879 பிப்ரவரியில். கன்று நட்டு இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு பரப்பிய தாவரவியலாளர் ரிட்லி சிங்கப்பூருக்கு வந்ததே 1888-இல்தான். மலாக்காவில் டான் சாய் யான் வணிக முறையில் ரப்பர் நட்டது 1896-இல். ஆக, அந்த அம்மையார் யானைமேல் போன நாளில் இந்த நாட்டில் பால்வெட்டும் இல்லை, மங்கும் இல்லை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும் இல்லை. யானைக்குப் பின்னால் காட்டை வரையுங்கள். மூங்கில், பிரம்பு, சேற்றுப்பாதை, மேலே மூடிய மரக்கூரை. நம்மவர்களை வரையத்தான் வேண்டும் என்றால் அதற்கும் நியாயமான இடம் உண்டு. அந்தக் காலத்தில் தமிழர்கள் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்த் துறைமுகங்களிலும் உழைத்துக்கொண்டிருந்தார்கள். பினாங்குத் துறையைக் காட்டும் தனிப் பதாகையில் அவர்களை நிறுத்துங்கள்.

அடுத்தது அம்பாரி. இதை அவரே மறுத்து எழுதியிருக்கிறார். பொன்துகில் போர்த்திய யானையைக் கற்பனை செய்துகொண்டு வந்தவருக்குக் கிடைத்தது வேறு. யானையின் முதுகில் பதப்படுத்தாத தோல் ஒன்று, அதன்மேல் சில பாய்கள். முதுகெலும்பின் மேட்டுக்கு இரு பக்கமும் ஆழமில்லாத கூடை ஒவ்வொன்று. கூடைக்குள் பச்சைத் தழையும் சுள்ளியும். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது பிரம்புக் கயிறு. ஒரு கூடையில் அவர், மறு கூடையில் ஒரு மலாய்ப் பையன், பின்னால் கட்டிய பை ஒன்று. முன்னால் பார்த்து உட்கார்ந்து, கால்களைக் கூடை விளிம்புக்கு வெளியே தொங்கப் போட வேண்டும். சற்று நேரத்தில் விளிம்பு அழுத்திக் கால் மரத்துப்போகும். பின்னால் சாய்ந்தால் யானையின் ஆட்டத்தில் முதுகு வலிக்கும். அதனால் மறுபடியும் முன்னால்.

இதைவிடப் பெரிய சிக்கல் எடை. பையனைவிட அவர் கனம். அதனால் அவர் பக்கத்துக் கூடை ஓயாமல் கீழே சரிந்தது. யானைப்பாகன் அடிக்கடி நிறுத்திப் பிரம்புக் கயிற்றை இழுத்துக் கட்டினார். ஒன்றும் சரியாகவில்லை. இதைச் சொல்லால் விளக்குவதைவிட நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் செய்தே காட்டலாம். விளையாட்டு அறை மெத்தை ஒன்றை இறுக்கமாகச் சுருட்டி நீள்பலகையின்மேல் வைத்துக் கட்டுங்கள். ஒரே அளவான இரண்டு கூடைகளைக் கயிற்றால் இணைத்து மெத்தையின் இரு பக்கமும் தொங்கவிடுங்கள். ஒன்றில் 5 கிலோ அரிசி, மற்றதில் 3 கிலோ. இருவர் பலகையின் இரு முனையையும் பிடித்து மெதுவாக ஆட்டட்டும். கனமான கூடை இறங்கும், இலேசானது மேலேறி மெத்தை உச்சிக்கே வந்துவிடும். கயிற்றை இறுக்கினால் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு மறுபடியும் சரியும். இறுக்கம் எடை வேறுபாட்டைப் போக்குவதில்லை, சரிவைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். இலேசான கூடையில் 2 கிலோ சேர்த்தால் ஆட்டம் அடங்கும். பலகையைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குமேல் தூக்க வேண்டாம், அரிசிப் பையின் வாயையும் கட்டிவிடுங்கள். இதைச் செய்து பார்த்த பிள்ளை அந்தப் பத்தியை வாசிக்கும்போது கூடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

பதாகையில் அம்மையாருக்கு நெட்டையான உருவம் கொடுத்திருக்கிறீர்கள். அவர் உயரம் 4 அடி 11 அங்குலம், அதாவது 150 சென்டிமீட்டர். ஆளுயர அட்டை உருவத்தை அந்த அளவுக்கே வெட்டுங்கள். ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளை பக்கத்தில் நின்றால் தோளும் தோளும் ஏறக்குறைய உரசும். படம் எடுத்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் கண்காட்சியில் இருக்காது.

இனி எழுத்துப் பகுதி. தலைப்பில் 'தன்னந்தனியாக மலாயாக் காட்டைக் கடந்த வீராங்கனை' என்று இருக்கிறது. 'தன்னந்தனியாக' என்பதை எடுத்துவிடுங்கள். சிங்கப்பூரில் அரசு அதிகாரி ஒருவர் அறிமுகக் கடிதம் தருகிறேன், மலாய் மாநிலங்களைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். யோசிக்க ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் சரி என்றவர் அவர், துணிச்சல் அங்கே இருக்கிறது. அதன்பின் மலாக்கா, சுங்கை ஊஜோங், கிள்ளான், லங்காட், தைப்பிங், கோலகங்சார் என்று சுமார் ஐந்து வாரம் அவர் போனது அரசுப் படகுகளில், போலீஸ் துணையோடு, ரெசிடெண்டுகளின் விருந்தாளியாக. கோலகங்சாரில் வீட்டுக்காரர் லோ ஊரில் இல்லாதபோது சாப்பாட்டு மேசையில் அவருக்குத் துணை உட்கார்ந்தவை மாமூத், இப்லீஸ் என்று பெயர் வைத்து லோ வளர்த்த இரண்டு வாலில்லாக் குரங்குகள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போவது இந்தக் கதையைத்தான், கட்டாயம் சேருங்கள். அதற்கு முன்பு, 1873-இல் கொலராடோவில் 4,300 மீட்டருக்குமேல் உயர்ந்த லாங்ஸ் சிகரத்தில் ஏறியபோதும், வழிகாட்டி தன்னை மூட்டையைப்போல் இழுத்துக்கொண்டு போனார் என்று அவரே எழுதினார். ஜப்பானில் இத்தோ என்ற இளைஞர் மொழிபெயர்த்துத் தராவிட்டால் அந்தப் பயணமே இல்லை. உதவியவரை மறைக்காமல் எழுதியவரை நாமாகத் தனி ஆளாக்குவது அவர் எழுத்துக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

அவருக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்ணுக்கும் ஒரு பலகை கேட்கிறோம். எமிலி இன்னெஸ். கணவர் லங்காட்டில் மாஜிஸ்திரேட். பேர்டின் மலாயா நூல் 1883-இல் வந்தது, அதன் பெயரில் பொன் இருந்தது. 1885-இல் எமிலி இரண்டு தொகுதிகளாக எழுதி, அந்தப் பொன்முலாம் உரிந்த தீபகற்பம் என்று பொருள்படும்படி தம் நூலுக்குப் பெயர் வைத்தார். சேற்றுக் கரையில் வீடு, கொசு, பேச்சுத்துணை இல்லாத நாட்கள், நல்ல சாப்பாட்டுக்குப் பஞ்சம். பேர்ட் எழுதியது பொய் என்று அவர் சொல்லவே இல்லை. அவர் எழுதியதும் உண்மை, நான் எழுதியதும் உண்மை, இருவரும் பார்த்த நிலைமை வேறு என்றார். விருந்தாளி ஐந்து வாரத்தில் பார்த்ததும் குடியிருந்தவர் பல ஆண்டுகளில் பார்த்ததும் எப்படி வேறுபடும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தேடினாலும் கிடைக்காது. துரை பங்களாவுக்கு வந்துபோன விருந்தாளி எழுதும் தோட்டமும், தொழிலாளர் லயத்தில் இருந்தவர் சொல்லும் தோட்டமும் ஒன்றாக இருக்குமா? நம் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். லங்காட் பற்றி இருவர் எழுதியதிலும் ஒரு பத்தி எடுத்து அருகருகே ஒட்டுங்கள், விளக்கம் எழுத வேண்டாம்.

இப்போது உங்களுக்குத் தயக்கம் தரப்போகும் சொல்லுக்கு வருகிறோம். பேர்ட் தமிழர்களை 'கிளிங்' என்றே எழுதுகிறார். அந்தக் காலத்து ஆங்கில நூல்களில் அது வழக்கம். கலிங்கம் என்பதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். இன்று அது நம்மை இழிவுபடுத்தும் சொல். நம் பெண்கள் துணி உடுத்தும் அழகை மனம்விட்டு வியந்தவரும் அவர்தான், இனங்களை மேல் கீழ் என்று அடுக்கிப் பேசியவரும் அவர்தான். தொடக்கப்பள்ளிப் பலகையில் 'தமிழர்' என்று மாற்றி, அடியில் ஒரு வரி, 'மூலத்தில் அக்காலத்து வேறு சொல் உள்ளது' என்று போடுங்கள். இடைநிலைப் பள்ளி மாணவர் வாசிக்கும் பகுதியில் சொல்லை அப்படியே விட்டு, ஆசிரியர் முன்கூட்டியே விளக்கட்டும். சத்தமில்லாமல் நீக்கிவிட்டால், பிள்ளை நாளை ஆங்கில மூலத்தைத் திறக்கும்போது யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அந்தச் சொல் முகத்தில் அறையும்.

வாழ்க்கைக் குறிப்புப் பலகையில் ஆண்டுகள் குழம்பியிருக்கின்றன. குழப்பம் வருவது பயண ஆண்டையும் நூல் வெளிவந்த ஆண்டையும் ஒன்றாக எடுப்பதால். சரியானவை இவை. பிறந்தது 1831, யார்க்‌ஷயர். தந்தை பாதிரியார். முதுகெலும்பு அருகே இருந்த கட்டியை 1850-இல் அறுத்து எடுத்தார்கள், வலி மட்டும் வாழ்நாள் முழுதும் போகவில்லை. கடல்பயணம் போகச் சொன்னார் மருத்துவர். 1854-இல் தந்தை 100 பவுன் கொடுத்து, அது தீரும்வரை அமெரிக்காவில் சுற்றலாம் என்றார். முதல் நூல் 1856. ஹவாய், கொலராடோ 1873. ஜப்பான் 1878. மலாயா 1879, நூல் 1883. 1881-இல் மருத்துவர் ஜான் பிஷப்பை மணந்தார், ஐந்தே ஆண்டில் கணவர் இறந்தார். பிற்கால நூல்களில் பிஷப் என்ற பெயரைப் பார்த்து வேறு ஆள் என்று எண்ணிவிட வேண்டாம். 1892-இல் அரச புவியியல் கழகம் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக்கியபோது அவர்களில் ஒருவர். அறுபதை ஒட்டிய வயதில் புகைப்படம் கற்றுக்கொண்டு, யாங்ட்சி ஆற்றில் படகுக்குள் இரவையே இருட்டறையாக்கி, ஆற்றுத் தண்ணீரில் படங்களைக் கழுவினார். மறைவு 1904 அக்டோபர் 7, எடின்பரோ.

முதுகுவலிக்காரர் எப்படி இத்தனை தூரம் குதிரை ஓட்டினார் என்று மாணவர் கேட்பார்கள். சேணம்தான் பதில். அக்காலத்துப் பெண்கள் இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு உட்கார வேண்டும். முகம் முன்னால் பார்க்க இடுப்பு பக்கவாட்டில் திரும்பியிருக்கும், முதுகெலும்பு மணிக்கணக்கில் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஹவாயில் பெண்கள் இருபுறமும் கால் போட்டு ஓட்டுவதைப் பார்த்து அவரும் மாறினார், வலி குறைந்தது. அதற்கேற்ற உடையும் தைத்துக்கொண்டார். கணுக்கால்வரை பாவாடை, உள்ளே கணுக்காலில் சுருக்கிய தொளதொள கால்சட்டை. லண்டன் நாளிதழ் ஒன்று அதை ஆணுடை என்று எழுத, அவருக்குக் கடுங்கோபம். ஆகவே அட்டை உருவத்துக்கு வெறும் கால்சட்டை போட்டுவிடாதீர்கள், அவருக்கே அது பிடிக்காது.

நூலின் வடிவத்தையும் ஒரு பலகை சொல்லட்டும். ஸ்காட்லாந்தில் இருந்த தங்கை ஹென்ரியெட்டாவுக்கு எழுதிய கடிதங்களே அது. அன்றன்று பார்த்ததை அன்றே எழுதியதால்தான் கயிறும் தழையும் சேறும் அப்படியே இருக்கின்றன. கடிதங்கள் நூலாகுமுன் 1880-இல் அந்தத் தங்கை குடற்காய்ச்சலில் இறந்துபோனார்.

மொழிபெயர்ப்பில் சில எச்சரிக்கைகள். மூல நூலுக்கு இப்போது பதிப்புரிமை இல்லை, தாராளமாகத் தமிழாக்கலாம். ஆனால் புதுப் பதிப்புகளின் முன்னுரைக்கும் அடிக்குறிப்புக்கும் உரிமை உண்டு, அவற்றைத் தொடாதீர்கள். அவர் வாக்கியங்கள் அரைப்பக்கம் ஓடும். தமிழில் மூன்று நான்காக உடைத்தால்தான் மூச்சு நிற்கும். டாலர் என்று வருவதை ரிங்கிட் என்று மாற்றக்கூடாது, அது வேறு பணம். வெப்பம் பாரன்ஹீட்டில் இருக்கும், 90 என்றால் நம் கணக்கில் 32. 'குவாலா கங்சா', 'தைப்பெங்' என்ற பழைய எழுத்தை இன்றைய பெயருக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் வரைபடத்தில் தேடிக் களைத்துவிடுவார்கள். உரக்க வாசிக்கும் பகுதி 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், பின்வரிசை கலைந்துவிடும். பலகைகளைப் பளபளப்பான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சன்னலுக்கு எதிரே வைத்தால் வெளிச்சம் பட்டு ஒன்றும் தெரியாது. மங்கலான உறை வாங்குங்கள், அல்லது பக்கச் சுவரில் மாட்டுங்கள்.

கண்காட்சி முடிந்த சனிக்கிழமை ஒரு ரயில் பயணமும் வைக்கலாம். சுங்கை சிப்புட்டில் ஏறித் தைப்பிங் போனால், பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் பெராப்பிட் மலைக்குள் 3.3 கிலோமீட்டர் சுரங்கம் வரும். அவர் கூடையில் சரிந்து சரிந்து ஏறி இறங்கிய மலை இரண்டு நிமிடத்துக்குள் போய்விடும். கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை, நேர அட்டவணையைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். திரும்பும் வழியில் கோலகங்சாரில் இறங்கினால், மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் அந்த ஒன்பதில் எஞ்சிய மரம் நிற்கிறது. பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். யானைப் பத்தியை அந்த மரத்தடியில் வாசியுங்கள்.

யானைப் பயணம், குரங்கு விருந்து, லங்காட் ஆகிய மூன்று பகுதிகளின் தமிழாக்கமும் திருத்திய ஆண்டுப் பட்டியலும் எங்களிடம் தயார். பதாகைக் கோப்பை அச்சகத்துக்கு அனுப்புமுன் ஒரு நாள் கொடுங்கள், ஓவியரோடு உட்கார்ந்து பால்மரங்களை மூங்கிலாக்கித் தருகிறோம்.

அன்புடன்,
தோட்டப்புற வாசகர்கள் சிலர்
சுங்கை சிப்புட், பேராக்