சால்னாவுக்குத் தூக்குவாளி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குற்றாலத்துச் சாரல் இறங்கிவிட்டால் எங்கள் செங்கோட்டை பிரானூர் பார்டரில் பரோட்டாக் கல் ஓய்வதே இல்லை. கேரள வண்டிகளும் வரிசையில் நிற்கும். போன ஞாயிறு பேத்தி ஆசைப்பட்டாள் என்று ஒரு கடையில் பத்து பரோட்டா வாங்கினேன். பரோட்டாவை வாழை இலையில் பாங்காகக் கட்டியவர், கொதிக்கும் சால்னாவை மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டு சுற்றினார். வீடு சேர்வதற்குள் பை குழைந்துவிட்டது. மிளகு வாசனைக்கு மேல் பிளாஸ்டிக் வாடை. மனசு கேட்காமல் அப்படியே கொட்டினேன். பிள்ளை வெறும் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றது.

இந்தப் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. தூக்குவாளி நீட்டினால், "அளவு தெரியாதும்மா" என்கிறார்கள். பைக்கு இரண்டு கரண்டி என்றால் வாளிக்கும் அதே இரண்டு கரண்டிதானே? பாத்திரம் கொண்டுவருகிறவர்களுக்கு முகம் சுளிக்காமல் ஊற்றித் தரக் கடைக்காரர்களுக்கு அதிகாரிகள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒரு வாசகி,
செங்கோட்டை